ஜிஎம்சி மோட்டார்ஹோம் (1973–78): இந்த உடம்பைக் கோஸ்டரில் கொண்டுவரலாமா?

இரணைமடுவான்

ஜிஎம்சி மோட்டார்ஹோம் என்ற வீட்டு வண்டியின் படங்களைப் பார்த்ததிலிருந்து வேறு வாகனம் கண்ணில் படமாட்டேன் என்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பொன்டியாக் நகரில் 1973 முதல் 1978 வரை கட்டியிருக்கிறார்கள். மொத்தமே ஏறத்தாழ 13,000 வண்டிகள். அரை நூற்றாண்டு பழையது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். முகம் முழுவதும் கண்ணாடி. மூக்கு சரிந்து கீழே இறங்குகிறது. பின்னால் பக்கத்துக்கு இரண்டு சில்லுகள், ஒன்றன்பின் ஒன்றாக. உடம்பு தரையைத் தொட்டுக்கொண்டு போவது போலத் தெரிகிறது. அந்தக் காலத்தில் வந்த மற்றவை பெரும்பாலும் லொறிச் சேசியின்மேல் ஏற்றிவைத்த பெட்டிகள்தான்.

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு வளவில் ஒரு பழைய டொயோட்டா கோஸ்டர் மினிபஸ் நிற்கிறது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி ஓடிய வண்டி. இப்போது வேலை இல்லை. அதன் முன்முகத்தை வெட்டி எடுத்துவிட்டு, இதே மாதிரி பைபரில் ஒரு மூக்கு வைத்து, உள்ளே கட்டிலும் அடுப்பும் போட்டு வீட்டு வண்டியாக்க யோசிக்கிறேன். முல்லைத்தீவுக் கரையில் பைபர் படகு செய்கிறவர்களுக்கு இந்த மூக்கு ஒரு பெரிய காரியமாக இருக்காது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டுவதானாலும் காரணத்தோடு திட்டுங்கள்.

ஓமந்தைச் சந்தி

காரணத்தோடுதானே? எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டிக்கு 7.5 லீற்றர் பெற்றோல் என்ஜின். லீற்றருக்கு நாலு கிலோமீற்றர் ஓடினால் அதிர்ஷ்டம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றதை அதற்குள் மறந்துவிட்டீர்களா? ஒரு கிழமைக்குக் கிடைத்த பங்கில் இது பரந்தன் சந்தியைத் தாண்டியிருக்குமா?

இரணைமடுவான்

அண்ணை, நான் அந்த என்ஜினைக் கேட்கவில்லை. கோஸ்டரின் டீசல் என்ஜின் அப்படியே இருக்கும். எனக்கு வேண்டியது அதன் உருவம் மட்டும்.

மாங்குளம் பட்டறை

தம்பி, நீர் வண்டியை முன்னால் நின்று பார்த்திருக்கிறீர். கீழே குனிந்து பார்க்கவில்லை.

அதன் வடிவுக்குக் காரணம் மூக்கு இல்லை, தளம். தரையிலிருந்து வண்டியின் உள்தளம் 14 அங்குலம். நம்முடைய சாதாரண பஸ்ஸின் முதல் படியே ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். அவ்வளவு கீழே தளத்தை எப்படி இறக்கினார்கள்? என்ஜின், கியர்பொக்ஸ், டிபரன்சியல் மூன்றையும் முன்சில்லுகளுக்கு இடையிலேயே முடித்துவிட்டார்கள். ஓல்ட்ஸ்மொபீல் டொரனாடோ என்ற காரில் 1966இல் வந்த அமைப்பு அது. என்ஜின் நீளவாக்கில் இருக்கிறது. அதன் பின்புறத்தில் டோர்க் கொன்வேர்ட்டர். அங்கிருந்து அகலமான சங்கிலி ஒன்று சுழற்சியைப் பக்கத்துக்குக் கடத்துகிறது. கியர்பொக்ஸ் என்ஜினின் விலாவோடு ஒட்டிக்கொண்டு முன்னோக்கிப் படுத்திருக்கிறது. அதன் முனையில் டிபரன்சியல். பின்பக்கம் போகிற தண்டு என்று ஒன்று கிடையவே கிடையாது.

பின்சில்லுகள் நான்கும் சும்மா உருளுகின்றன. அவற்றுக்குக் குறுக்கே அக்சிலும் இல்லை. ஒவ்வொரு பக்கமும் இரண்டு இரும்புக் கைகள்: ஒன்று அந்தப் பக்கத்து இரண்டு பின்சில்லுகளில் முன்னதைப் பிடித்து முன்னே நீட்டியிருக்கும், மற்றது பின்னதைப் பிடித்துப் பின்னே நீட்டியிருக்கும். இரண்டுக்கும் இடையில் படுக்கையாக ஒரு காற்றுப்பை. ஒரு சில்லு கல்லில் ஏறினால் பை அமுங்கி மற்றச் சில்லை நிலத்தில் அழுத்தும். சில்லுக்கு மேலே வில்லுத்தட்டும் இல்லை, நடுவில் அக்சிலும் இல்லை என்பதால் தளத்தைப் பின்கதவு வரை ஒரே மட்டத்தில் கொண்டுபோய்விட்டார்கள். தளம் இறங்கியதால் கூரை இறங்கியது. கூரை இறங்கியதால் மூக்கைச் சரிக்க முடிந்தது.

உம்முடைய கோஸ்டரில் பின்சில்லுதான் இழுக்கிறது. அடியில் தண்டு ஓடுகிறது, டிபரன்சியல் உருண்டை இருக்கிறது, சேசிச் சட்டம் இரண்டு இருக்கிறது. அவற்றின் மேலேதான் தளம். அந்த உயரத்தில் நிற்கிற உடம்புக்கு ஜிஎம்சி மூக்கை ஒட்டினால், மூக்குக்கும் வீதிக்கும் நடுவில் ஒரு ஆட்டுக்குட்டி படுத்துறங்கும்.

வரைபலகை

பட்டறை ஐயா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் வவுனியாவில் கட்டட வரைபடம் வரைகிறவன், வாகனம் என் தொழில் இல்லை. ஆனால் இந்த வகை வண்டிகளில் ஒரு பைத்தியம்.

எதிர்காலத்து வண்டி போலத் தெரிகிற பழைய வீட்டு வண்டிகளை எடுத்துப் பார்த்தால், சிலவற்றில் விமானத்தோடு தொடர்புள்ளவர்களின் கை தெரியும். 1930களில் ஸ்டவுட் ஸ்காராப் என்று ஒன்று வந்தது. வில்லியம் ஸ்டவுட் விமானம் கட்டியவர். ஃபோர்ட் வி8 என்ஜினைப் பின்னால் தள்ளிவிட்டு, உள்ளே நகர்த்தக்கூடிய கதிரைகளும் ஒரு மேசையும் போட்டார். விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் கட்டினார்கள். 1960களில் அல்ட்ரா வான்: இதையும் வரைந்தவர் ஒரு விமானப் பொறியியலாளர். சேசியே இல்லை, அலுமினிய உடம்பே சட்டம், பின்னால் ஷெவர்லே கோர்வேர் காரின் என்ஜின். 1972இல் எஃப்எம்சி 2900ஆர். அதைக் கட்டிய கம்பனியின் மற்ற உற்பத்திகளில் ஒன்று எம்113 கவச வாகனம். அந்தப் பக்கத்தைப் பற்றி வன்னியில் இருந்துகொண்டு நான் விளக்கத் தேவையில்லை, தாண்டிப் போகிறேன். 1986இல் விக்சன் 21 வந்தது: பிஎம்டபிள்யூவின் டர்போ டீசல் என்ஜின் பின்னால், கூரையைத் தூக்கி நிறுத்தலாம், மடக்கினால் வீட்டுக் கார்க் கொட்டிலுக்குள் போகும் உயரம்.

பார்த்தீர்களா, எல்லாவற்றிலும் ஒரே சூத்திரம். என்ஜினை ஒரு முனைக்குத் தள்ளு, நடுவைக் காலியாக்கு, தளத்தை இறக்கு. ஸ்காராப், அல்ட்ரா வான், எஃப்எம்சி, விக்சன் எல்லாம் பின்னுக்குத் தள்ளின. ஜிஎம்சி மட்டும் முன்னுக்கு இழுத்தது. நடுவில் கை வைக்காமல் முகத்தை மட்டும் மாற்றிய வண்டி எதுவும் அழகுக்காக நினைவில் நிற்கவில்லை.

இரணைமடுவான்

அப்படியானால் முகத்துக்கு ஒரு மதிப்பும் இல்லையா? ஒரு சாதாரண மனிதன் வீதியில் பார்ப்பது முகத்தைத்தானே. காற்றுப்பையைக் குனிந்து பார்த்துவிட்டா யாராவது மயங்குகிறார்கள்?

முல்லைமகள்

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன், பிறந்தது முள்ளியவளை. கோடையில் இங்கே பழைய வாகனக் கண்காட்சிகள் நடக்கும். ஒன்றில் 26 அடி ஜிஎம்சி ஒன்று நின்றது, 1976ஆம் ஆண்டு வண்டி. சொந்தக்காரர் ஒரு வயதானவர், உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னார்.

தம்பி, முகத்துக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் அதை வெளியிலிருந்து அல்ல, உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண்ணாடி முழங்கால் அளவுக்கு இறங்குகிறது. சாரதிக் கதிரையில் இருந்தால் வண்டிக்கு முன்னால் நிற்கிற சின்னப் பிள்ளையின் தலை தெரியும். நான் பார்த்ததும் கவனித்தது அதைத்தான்; நம் ஊர் பஸ்களில் சாரதிக்குத் தெரியாத இடம் அது. பக்க ஜன்னல்களும் மேசையில் இருந்து சாப்பிடுகிறவரின் முழங்கைக்குக் கீழே வரை இறங்குகின்றன. 23 அடியிலும் ஒன்று கட்டினார்கள், ஆனால் 26 அடிதான் கூடுதலாக விற்றதாம்.

உள்ளே ஒவ்வொன்றும் இரண்டு வேலை செய்கிறது. நீள்கதிரையின் முதுகுப்பலகையைத் தூக்கிக் கொளுவினால் மேல்கட்டில். மேசையை இறக்கினால் இன்னொரு படுக்கை. சாரதிக்குப் பின்னால் கம்பளத்தைப் புரட்டினார், தளத்தில் ஒரு மூடி, அதைத் திறந்தால் என்ஜின். சமையலறையிலிருந்து மூன்று எட்டு வைத்தால் காபரேற்றர்! சூடும் சத்தமும் உள்ளே வராதா என்று கேட்டேன். வரும் என்றார், சிரித்துக்கொண்டே.

பிறகு ஒரு சுவிட்சைத் தட்டினார். கொம்பிரசர் கர்ரென்றது, வண்டியின் பின்பக்கம் மெல்ல இறங்கியது. நிலம் சரிவாக இருந்தால் காற்றை ஏற்றி இறக்கி மட்டம் பார்த்துக்கொள்ளலாம், கல் வைக்கத் தேவையில்லை.

மடுவழி

பிள்ளைகள் பேசுவதை வாசித்துக்கொண்டிருந்தேன். வீட்டு வண்டி என்பது வன்னிக்குப் புதினம் இல்லை. ஆவணி மாதம் மடு மாதா கோவில் திருவிழாவுக்குக் கூடார வண்டில் கட்டிக்கொண்டு போன குடும்பங்கள் எத்தனை. வண்டிலில் அரிசி, சட்டி, பாய், விறகு, அடியில் தொங்குகிற லாந்தர். காட்டுக்குள் மரத்தடியில் அவிழ்த்து விட்டால் பெருநாள் முடியும் வரை அதுதான் வீடு. பின்னர் உழவு இயந்திரப் பெட்டியில் தறப்பாள் கட்டிப் போனோம். இன்றைக்கும் போகிறார்கள்.

ஆகவே என் கேள்வி மூக்கைப் பற்றி இல்லை. இந்த வண்டி மடுக் காட்டு மணலுக்குள் இறங்குமா? 14 அங்குலத் தளம் என்கிறீர்கள். வாய்க்கால் கட்டு ஏறும்போது வயிறு உரசாதா? வண்டில் சில்லு ஆளின் மார்பளவுக்கு உயரம்; அதற்கு ஒரு காரணம் இருந்தது.

மாங்குளம் பட்டறை

ஐயா கேட்டது சரியான கேள்வி. உரசும். பின்சில்லுக்கு அப்பால் வால் நீண்டிருக்கிறது. வாய்க்கால் கட்டில் மூக்கு ஏறி, இறங்கும்போது வால் மண்ணைக் கிளறும். அது நெடுஞ்சாலைக்குப் பிறந்த வண்டி. ஏ9 வீதி இன்றிருக்கிற நிலையில் அதில் பட்டுப்போல் ஓடும். முத்தையன்கட்டுப் பக்கத்துக் கிரவல் வீதியில் ஓடாது. கோஸ்டர் இரண்டிலும் ஓடும், ஒன்றிலும் பட்டுப்போல் ஓடாது.

இன்னொன்று: முன்சில்லு இழுக்கிற வண்டி மணலில் நல்லது என்று சிலர் சொல்வார்கள். என்ஜின் பாரம் முழுவதும் இழுக்கிற சில்லின்மேல் இருப்பதால் அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் ஈர மண் ஏற்றத்தில் பாரம் பின்னுக்குச் சாய்ந்துவிடும், முன்சில்லு சுழன்றுகொண்டே நிற்கும்.

ஓமந்தைச் சந்தி

முறிகண்டிப் பிள்ளையாரை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். அந்த வண்டியின் கதவு எந்தப் பக்கம்? அமெரிக்காவில் வீதியின் வலப்புறம் ஓடுகிறார்கள், ஆகவே ஏறி இறங்கும் கதவு வலப்பக்கம். அதை ஏ9இல் கொண்டுவந்து பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தினால், தேங்காயோடு இறங்குகிறவர் வீதியின் நடுவில் இறங்குவார். யாழ்ப்பாணம் போகிற சொகுசு பஸ் அவரையும் சேர்த்து உடைத்துவிடும்.

இரணைமடுவான்

அண்ணை, கோஸ்டரின் கதவு இடப்பக்கம்! நான் அமெரிக்க வண்டியை இறக்கப்போவதில்லை என்று எத்தனை தரம் சொல்வது?

ஓமந்தைச் சந்தி

தெரியும். கதவைப் பற்றிய பகிடியை வீணாக்க மனம் வரவில்லை.

முல்லைமகள்

எரிபொருள் பற்றிச் சந்தி அண்ணை சொன்னது அந்த வண்டியின் தலைவிதியும்கூட. 1972 மே மாதம் வாஷிங்டனுக்கு அருகில் ஒரு போக்குவரத்துக் கண்காட்சியில் அதை முதலில் காட்டினார்கள். 1973 ஒக்ரோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை போட்டன. பெற்றோல் நிலையங்களில் வரிசை. 190 லீற்றர் கொள்கிற தாங்கியோடு புதிய வண்டியை விற்கத் தொடங்கிய நேரம்! அப்படியும் ஐந்தாறு வருடம் தாக்குப்பிடித்தது. 1977இல் என்ஜினை 6.6 லீற்றருக்குக் குறைத்தார்கள். 1978உடன் நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே ஒன்றும் போடாத வெறும் கூடாகவும் விற்றார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வாங்கியவர்கள் அதை ஆம்புலன்ஸாகவும் விமான நிலையப் பஸ்ஸாகவும் மாற்றிக்கொண்டார்கள். தளம் தாழ்வாக இருப்பதால் நோயாளியை ஏற்றுவது சுலபம். எனக்கு என்னவோ, மோட்டார்ஹோமைவிட அதுதான் அந்த உடம்புக்கு ஏற்ற வேலை என்று படுகிறது.

மாங்குளம் பட்டறை

எண்ணெய்த் தடை என்றதும் கை துருதுருக்கிறது. 1990களில் எங்களுக்கும் தடை. வன்னியில் பெற்றோல் மருந்துபோல அளந்து விற்ற காலம். ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோல்; அதைக் காபரேற்றர் வாயில் பீய்ச்சி ஸ்டார்ட் செய்ய வேண்டும். என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறக்க வேண்டும். முந்தித் திறந்தால் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிடும். நிறுத்தும்போதும் அவதானம் வேண்டும்: மறுபடி எடுக்கப் போத்தலில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவோம். அமுக்கம் குறைந்த பழைய இங்கிலாந்து என்ஜின்கள் அதைத் தாங்கின. ஏ40இன் என்ஜின் 1.2 லீற்றர். ஜிஎம்சியின் என்ஜின் அதைப்போல ஆறு. போத்தல் போதாது, வாளி வேண்டும்.

அந்த வண்டிக்காரர்கள் இன்றும் படுகிற ஒரு பாட்டைச் சொல்கிறேன், இது நம் வெயிலுக்கு நேராகப் பொருந்துகிறது. பெற்றோல் குழாய் என்ஜின் சூட்டுக்கு அருகால் போகிறது. பழைய வகைப் பம்ப் முன்னால் என்ஜினில் இருந்துகொண்டு தூரத்துத் தாங்கியிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும்போது குழாயில் அமுக்கம் குறையும், சூட்டில் பெற்றோல் ஆவியாகும், பம்ப் ஆவியை இழுத்துக்கொண்டு வெறுமனே துடிக்கும். வண்டி ஏற்றத்தில் நின்றுவிடும். அங்கே இக்காலப் பெற்றோலில் கலக்கிற எதனோல் இதை இன்னும் மோசமாக்குகிறது. ஆகவே பலர் தாங்கிக்குப் பக்கத்தில் மின்பம்ப் வைத்து, உறிஞ்சுவதை விட்டுத் தள்ளுகிறார்கள். சித்திரை வெயிலில் மாங்குளத்தில் பழைய பெற்றோல் வண்டி வைத்திருக்கிற எவரும் இதைச் செய்யலாம். ஈரத்துணியைப் பம்பில் சுற்றிக்கொண்டு வீதியோரம் நிற்பதைவிட மேல்.

ரயரும் ஒரு தலையிடி. 16.5 அங்குலச் சில்லு, இன்று அந்த அளவில் நல்ல ரயர் கிடைப்பது அரிது. 16 அங்குலச் சில்லுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். ஆறு சில்லு, ஆறு செலவு.

வரைபலகை

இரணைமடுவான், நான் கோஸ்டரின் அளவுகளை வைத்து ஒரு பக்கத்தோற்றம் கீறிப் பார்த்தேன். மூக்கைச் சரித்தால் கண்ணாடி சாரதியை விட்டு ஓர் அடிக்குமேல் முன்னே போகிறது. அந்தச் சரிவில் மதிய வெயில் நேரே மடியில் விழும். ஜிஎம்சியிலும் அந்தக் குறை உண்டு. வெயில் குறைந்த நாட்டில் அது குறையாகத் தெரியாது. இன்னொரு சிக்கல், அவ்வளவு பெரிய வளைந்த கண்ணாடியை யார் செய்து தருவார்? உடைந்தால் மறுபடி யார் தருவார்?

என் ஆலோசனை: முகத்தை விடுங்கள், இடுப்பை எடுங்கள். பக்க ஜன்னல்களின் கீழ்விளிம்பை ஒரு சாண் இறக்குங்கள். மேலே வெள்ளை, ஜன்னலுக்குக் கீழே ஒரே அகலக் கோடு, பின்னோக்கிப் போகும்போது அகலம் கூட வேண்டும். ஜிஎம்சி தாழ்வாகத் தெரிவதில் பாதி உயரத்தால், பாதி அந்தக் கோட்டால்.

மடுவழி

ஜன்னலை இறக்கினால் நுளம்பு வலையும் அடியுங்கள். எதிர்காலத்து வண்டிக்கும் மடுக் காட்டு நுளம்பு கடிக்கும்.

ஓமந்தைச் சந்தி

கழிவறையை யாரும் தொடவில்லை. தொடவும் விரும்பமாட்டீர்கள். அமெரிக்காவில் வண்டியின் கழிவைக் கொட்டுவதற்கென்றே முகாம்களில் குழிகள் உண்டு. இங்கே எங்கே கொட்டுவது? பிரதேச சபையின் பவுசரைக் காட்டுக்குள் அழைப்பீர்களா? சட்டவிஷயமும் பாருங்கள். பஸ்ஸாகப் பதிந்த வண்டியின் உடம்பை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதை முதலில் எடுக்காமல் இரும்பு வெட்டும் வாளைக் கையில் எடுக்காதீர்கள்.

இரணைமடுவான்

கழிவறை வைக்கப்போவதில்லை. கோவில், தேவாலயம், உறவினர் வீடு என்று எங்கு போனாலும் அது இருக்கிறது. தண்ணீர்த் தாங்கியும் ஒரு சமையல் மேடையும் போதும். திணைக்களத்துக்குப் போய்க் கேட்கிறேன்.

ஜன்னலை இறக்குவது எனக்குப் பிடித்திருக்கிறது. கோடும் பிடித்திருக்கிறது. ஆனால் மூக்கு முழுதாக மனதை விட்டுப் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். கண்ணாடியைத் தொடாமல், அதற்குக் கீழே பம்பரோடு சேர்த்து ஒரு தாடை மட்டும் பைபரில் செய்தால் என்ன? கழற்றிப் பூட்டக்கூடியதாக. முல்லைமகள் அக்கா, அந்த நீள்கதிரையின் முதுகு கட்டிலாக மாறும் பூட்டின் படம் இருந்தால் அனுப்புவீர்களா?

முல்லைமகள்

படம் இருக்கிறது. இரண்டு பக்கமும் பட்டி தொங்கவிட்டிருக்கிறார்கள், கூரையிலிருந்து. பெரியவர் ஒருவர் படுக்கத் தாங்குமா என்று எனக்குச் சந்தேகம், பிள்ளைகளுக்குச் சரி. நீங்கள் பட்டிக்குப் பதில் இரும்புக் குழாய் போடுங்கள்.

மாங்குளம் பட்டறை

தாடை செய்யலாம். ஆனால் ரேடியேற்றருக்குக் காற்று போகிற வாயை அடைக்கக் கூடாது. அழகுக்காக அடைத்துவிட்டு, புளியங்குளம் தாண்டுமுன் என்ஜினைக் கொதிக்கவைத்த வண்டி ஒன்று என் பட்டறையில் ஏற்கெனவே நிற்கிறது. படகுக்காரரிடம் போவதற்கு முன்னர் வண்டியை இங்கே கொண்டுவாரும். ஜன்னலை ஒரு சாண் இறக்க இடம் இருக்கிறதா என்பது பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். உள்ளே நிற்கிற குத்துச்சட்டங்கள் துருப்பிடித்திருந்தால் பேச்சு அதோடு முடிந்தது. வரும்போது பின்ரயர்களில் காற்று பார்த்துக்கொண்டு வாரும். வளவில் நெடுநாள் நின்ற வண்டி.